தேர் வராத தெரு

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் வடக்கன்குளத்தில் 1872இல் ஓர் ஆலயம் எழும்பியது. பீடம் ஒன்றுதான். ஆனால் அதிலிருந்து கவட்டைபோல் இரண்டு நீண்ட கூடங்கள் பிரிந்து சென்றன. ஒன்றில் வேளாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் அமர்ந்தார்கள். மற்றதில் நாடார்களும் பிற சாதியாரும். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஜனங்களுக்குப் பீடம் தெரியும், ஆனால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கால்சட்டைக் கோயில் என்று அதற்குக் கேலிப் பெயரும் விழுந்தது. கட்டியவர்களைக் கெட்டிக்காரர்கள் என்றே சொல்ல வேண்டும். ஒரே திருப்பலி, ஒரே அப்பம், ஒரே ஆண்டவர் என்று போதித்துக்கொண்டே யாரும் யாரையும் தொடாமல் பார்த்துக்கொள்ள வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் அன்று கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படும் நற்செய்தி மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தின் தொடக்கம். இயேசு மலைமேல் ஏறி உட்கார்ந்து, யாரெல்லாம் பேறுபெற்றவர்கள் என்று சொல்லும், மலைப்பொழிவின் தொடக்கப் பகுதி. வடக்கன்குளத்திலும் அது ஆண்டுதோறும் லத்தீனில் ஒலித்திருக்கும். உள்ளத்தில் ஏழைகள், துயரப்படுகிறவர்கள், சாந்தமானவர்கள், நீதிக்குப் பசித்தவர்கள், இரக்கமுள்ளவர்கள், மனத்தூய்மை உள்ளவர்கள், சமாதானம் பண்ணுகிறவர்கள், நீதிக்காக அடிபடுகிறவர்கள் என்று எட்டு வகையினர். இரண்டு கூடத்தாரும் ஒரே நேரத்தில் அதைக் கேட்டார்கள். இரண்டு கூடத்தாரும் தங்களைத்தான் சொல்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

இந்த எட்டையும் அன்றாட வாழ்க்கையில் நடத்திக் காட்டுவது எப்படி என்ற கேள்வி இரண்டாயிரம் ஆண்டுப் பழசு. அதற்குச் சொல்லப்பட்ட பதில்களில் பாதிக்கு மேல், நடத்தாமல் தப்பிப்பதற்கான வழிகள். இடைக்காலத்து ஐரோப்பாவில் மலைப்பொழிவின் கடினமான பகுதிகள் துறவிகளுக்கானவை என்றும், குடும்பஸ்தனுக்குப் பத்துக் கட்டளை போதும் என்றும் ஒரு பங்கீடு நிலவியது. மார்ட்டின் லூத்தர் அதை மறுத்தார். 1530 முதல் 1532 வரை விட்டன்பர்க்கில் மலைப்பொழிவைத் தொடர்ந்து போதித்தபோது, இது எல்லாக் கிறிஸ்தவருக்கும் உரியது என்று அடித்துச் சொன்னார். சொன்ன கையோடு அவரே வேறொரு கதவைத் திறந்தும் விட்டார்: தனி மனிதனாகச் சாந்தமாய் இரு, பதவியில் இருக்கும்போது பதவியின் வேலையைச் செய். பின்னால் வந்த அதிகாரிகள் பலருக்கு அந்தக் கதவு மிகவும் வசதியாகப் போயிற்று. டால்ஸ்டாய் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கதவை ஓங்கிச் சாத்தினார். இறையியலாளர் பான்ஹோஃபர் 1937இல், ஹிட்லரின் ஜெர்மனியில், மலைப்பொழிவைக் கீழ்ப்படிவதற்கான சொல்லாக எடுத்துக்கொண்டு ஒரு நூல் எழுதினார். 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார்.

லூக்கா இதே போதனையைச் சமவெளியில் வைத்துச் சொல்கிறார். அங்கே உள்ளத்தில் ஏழை என்ற சமாதானமெல்லாம் கிடையாது. ஏழைகள், பட்டினி கிடப்பவர்கள், அழுகிறவர்கள் என்று நேரடியாக வருகிறது. அதோடு செல்வருக்கும், வயிறு நிறைந்தவருக்கும், சிரிப்பவருக்கும், எல்லாராலும் புகழப்படுபவருக்கும் நான்கு ஐயோக்களும் வருகின்றன. வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டுவதற்கு நாம் மத்தேயுவையே தேர்ந்தெடுப்பது தற்செயலாக இருக்க முடியாது.

மீண்டும் வடக்கன்குளம். இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1745 மே 14 அன்று இங்கேதான் நீலகண்டன் என்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நாயர் குடும்பத்துக்காரர். குளச்சல் போரில் 1741இல் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே படைத்தளபதியான டச்சுக்காரர் டிலனாய், துயரத்தில் துவண்டிருந்த நீலகண்டனுக்கு யோபின் கதையைச் சொன்னார் என்பது வரலாறு. மனம் மாறியவர் அதை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் பெரிய சிக்கல் வந்திருக்காது. அவர் எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார். தாழ்த்தப்பட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். 1749இல் கைது. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள், காயத்தில் மிளகாய்ப் பொடி தடவினார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

எட்டாவது பேறு இவருக்குப் பொருந்துகிறது என்று யாரும் ஒத்துக்கொள்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய பகுதிதான். துப்பாக்கிக்கு முன் நின்றது ஒரு நாள். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைத் தினமும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அவருடைய தூய உள்ளம் ஊராருக்குத் தெரிந்த இடம் அந்தச் சாப்பாட்டு இலைதான். அப்படிப்பட்டவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஊரில், 127 ஆண்டுகளுக்குப் பிறகு, சாதிக்கொரு கூடம் கட்டினார்கள். 2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபோது ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. அதுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த ‘பிள்ளை’ எதிர்ப்புகளுக்குப் பின் நீக்கப்பட்டிருந்தது. அடிபட்டுச் செத்தவருக்கும் சாதி ஒட்டை எடுக்க 270 ஆண்டு ஆனது.

கத்தோலிக்கரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் நியாயமாகாது. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் புளூட்சோவும் தொடங்கிய லுத்தரன் சபை, இந்த நாட்டில் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவத்தின் முதல் வீடு. அங்கே அச்சான தமிழ் புதிய ஏற்பாடு, தஞ்சை மராட்டியப் படையில் சேவகம் செய்த ராஜநாயக்கன் என்ற கத்தோலிக்கப் பறையர் இளைஞரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. படித்தார், மனம் மாறினார், தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார், தஞ்சைப் பகுதியில் உபதேசியார் ஆனார். அவர் திறமையையும் உழைப்பையும் மிஷனரிகளே மெச்சினார்கள். முதல் தமிழ்க் குருவாக வேளாளரான ஆரோன் 1733இல் அபிஷேகம் பெற்றார். இரண்டாம் குருவை நியமிக்கும் நேரம் வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் பேச்சில் அடிபட்டது. மேல்சாதிச் சபையார் அவர் கையால் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, 1741இல் தியோகுவை அபிஷேகம் செய்தார்கள். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

இதை எழுதும்போது அந்த மிஷனரிகளைத் திட்டுவது எளிது. அவர்கள் முன் இருந்த சிக்கல் உண்மையானதுதான்: அவரைக் குருவாக்கினால் சபை உடையும். சமாதானம் காக்க வேண்டும் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சமாதானத்துக்கு விலை கொடுத்தது யார் என்று பார்த்தால் ஒரே ஒரு ஆள். சமாதானம் பண்ணுகிறவர்கள் என்ற பேறு இப்படித்தான் நம்முடைய சபைகளில் காலங்காலமாகப் புழங்கி வந்திருக்கிறது. பிரச்சினையைக் கிளப்பாதே, விசுவாசிகளைப் பிரிக்காதே, ஜெபித்துக்கொண்டு பொறுமையாய் இரு என்று மூத்தவர்கள் சொல்வது பெரும்பாலும் அடிபட்டவனிடம்தான். அடித்தவனைக் கூப்பிட்டுச் சொல்வது குறைவு.

சாந்தத்தின் கதையும் இதுவே. சாந்தமானவர்கள் பூமியைச் சுதந்தரிப்பார்கள் என்ற வாக்கை வயல்வேலை செய்பவனிடம் சொல்வது ஒன்று, வயலுக்குச் சொந்தக்காரனிடம் சொல்வது வேறொன்று. முதலாமவனிடம் சொன்னால் அது தாலாட்டு ஆகிவிடுகிறது. இரண்டாமவனிடம் சொன்னால் பத்திரப் பதிவு அலுவலகம் வரைக்கும் போக வேண்டிய விஷயம். நம்முடைய பிரசங்கங்கள் எந்தப் பக்கம் திரும்பி நின்று பேசியிருக்கின்றன என்பதற்குப் பாமாவின் ‘கருக்கு’ சாட்சி. 1992இல் வந்த அந்தத் தன்வரலாறு, கன்னியர் மடத்துக்குள் போய் வெளியே வந்த ஒரு தலித் பெண் எழுதியது. திருச்சபையில் அதைப் படித்துச் சங்கடப்பட்டவர்கள் உண்டு. படிக்காமலே கோபப்பட்டவர்களும் உண்டு.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை விட்டார். சாதியைச் சபைக்குள் இனி எந்த வடிவிலும் வைத்திருக்கக் கூடாது, உடனே விட்டுவிட வேண்டும் என்பது உத்தரவு. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அதை வாசித்தபோது கூட்டம் கூட்டமாக எழுந்து வெளியே போனார்கள். தஞ்சை சபையின் பெருங்கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் ஏற்கெனவே சாதி வழக்கத்தை ஆதரித்து மிஷனரிகளோடு மல்லுக்கு நின்றவர். அவருடைய பாட்டுகளை இன்றும் உருகிப் பாடுகிறோம், பாட வேண்டும். அவர் நிலைப்பாடு தவறு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வில்சன் பக்கமும் முழுச் சுத்தம் இல்லை. அதே காலத்து இங்கிலாந்தில் ஆலய இருக்கைகளை வாடகைக்கு விட்டார்கள்; காசு உள்ளவன் முன்னால், இல்லாதவன் பின்னால். மேலிருந்து வந்த உத்தரவு பந்தியை ஒன்றாக்கியது, மனசை ஒன்றாக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பந்தி ஒன்றானதே பெரிய காரியம். மனசு திருந்தும்வரை பந்தியைத் தள்ளிப்போடலாம் என்று காத்திருந்தவர்கள் இன்றுவரை காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வடக்கன்குளத்துக்கும் அப்படித்தான் விடிந்தது. இரண்டு கூடங்களையும் பிரித்த தடுப்பை 1910இல் குருக்கள் இடித்துத் தள்ளினார்கள். வேளாளப் பிள்ளைமார் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை ஏறியது. ஆலயத்துக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று முடிந்தது. ஒருவருடைய தோளில் அடுத்தவர் தோள் படும்படி முழங்கால் படியிட, ஒரு கிறிஸ்தவ ஊருக்கு நீதிமன்றத்தின் தீர்ப்பு தேவைப்பட்டது.

கறுப்பாகவே சொல்லிக்கொண்டு போவதாக நினைக்க வேண்டாம். திருப்பத்தூருக்குப் போவோம். 1921இல் அங்கே இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் தொழிலில் செழித்த குடும்பத்தைச் சேர்ந்த எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். ஒரு ஐரோப்பியரும் ஒரு தமிழரும் ஒரே கூரையின் கீழ், ஒரே கதரைக் கட்டிக்கொண்டு, ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு வாழ்வது அந்தக் காலத்து மிஷன் உலகத்தில் சாதாரணக் காட்சியல்ல. மிஷன் பங்களாவும் வேலைக்காரர்களும் வேறு சம்பள விகிதமும் வழக்கமாக இருந்த நாட்கள் அவை. ஏசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். சுற்றுக் கிராமத்தார் இருவரையும் அந்தப் பெயரில்தான் அறிந்திருந்தார்கள். கோடீஸ்வரக் குடும்பத்து வெள்ளைக்காரர், தமிழரை அண்ணன் ஸ்தானத்தில் வைத்துத் தம்பியாக இருக்கச் சம்மதித்தார். ஆசிரமத்தின் ஜெபாலயத்தைத் தென்னாட்டுக் கோயில் அமைப்பில் கோபுரம் வைத்துக் கட்டினார்கள். அங்கே காலையில் நோயாளிகளைப் பார்ப்பதும் மாலையில் ஜெபமும்தான் வாழ்க்கை.

1932 தொடக்கத்தில் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியலை நின்று பார்த்துக்கொண்டிருந்த பேட்டனைப் போலீசார் தடியால் அடித்தார்கள், குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அடிபட்டவர் வெள்ளைக்காரர் என்பதால் விஷயம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரை போயிற்று. அன்று அதே தெருவில் தமிழர்களும் அடிவாங்கினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் பேட்டன் அந்தக் கதர் உடையில் இல்லாமல் வேறு உடையில் நின்றிருந்தால் ஒரு போலீஸ்காரன் கையும் ஓங்கியிருக்காது. உள்ளத்தில் ஏழையாக இருப்பது என்பதற்கு உரைநூல்கள் பல பக்கம் எழுதுகின்றன. தன் பிறப்பு தரும் பாதுகாப்பைத் தானே கழற்றி வைப்பது என்று திருப்பத்தூரில் ஒருவர் செய்து காட்டினார்.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை இன்னும் சிக்கலாகிறது. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களில் மட்டுமே பட்டியல் சாதியார் உண்டு என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே. இதன் பொருள் என்ன என்று தெரிய வேண்டுமானால் சூசை வழக்கைப் பார்க்க வேண்டும். சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர் சூசை, ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. அதே ஊசி, அதே தோல், அதே வெயில்; பெட்டிக்கடை மட்டும் இல்லை. உச்ச நீதிமன்றம் போனார். 1985 செப்டம்பர் 30 அன்று மனு தள்ளுபடி. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் அதே கடுமையான இழிவை அனுபவிக்கிறார்கள் என்று நிரூபிக்க வேண்டும், அதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம்.

திருச்சபையின் தர்மசங்கடத்தை இதைவிடக் கூர்மையாக யாரும் எடுத்துக் காட்டியதில்லை. தன் ஏழைப் பிள்ளைக்கு நீதி கிடைக்க வேண்டுமென்றால், தன் வீட்டில் அவனை எப்படி நடத்தினோம் என்று தாயே கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். எங்களிடம் சாதி இல்லை என்று மேடையில் பேசினால் சூசை தோற்கிறார். இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் மலைப்பொழிவு நம்மைக் குற்றம் சாட்டுகிறது. நீண்ட காலம் நாம் முதலாவதையே தேர்ந்தெடுத்தோம். அது மானத்தைக் காப்பாற்றியது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் பேசிய போப் இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஒத்துக்கொண்டது. நீதிக்குப் பசித்தவர்கள் எழுதக்கூடிய முதல் வரி அது. தாமதமாக எழுதப்பட்டாலும் எழுதப்பட்டுவிட்டது. 2022இல் மத்திய அரசு இந்தக் கேள்வியை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. சாட்சி சொல்லும் பொறுப்பு இன்னும் நம் தலைமேல்தான் இருக்கிறது.

சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2008 மார்ச்சில் விழுப்புரம் பகுதியின் எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டதை ஒட்டி வன்னியக் கிறிஸ்தவர்களோடு மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இரு தரப்பும் ஞாயிற்றுக்கிழமை ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்பவர்கள். திருச்சி மேலப்புதூரில் ஒரு கல்லறைத் தோட்டத்தைச் சாதிச் சுவர் பிரித்தது பத்திரிகைகளில் வந்தது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் அந்த நாளிலும் வரிசை கலையாமல் எழ வேண்டும் என்று ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள் போலும். கிறிஸ்தவ இதழ்களின் மணமக்கள் தேவைப் பகுதியைப் புரட்டினால் ‘ஆர்.சி.’ என்பதற்கும் ‘சி.எஸ்.ஐ.’ என்பதற்கும் பக்கத்திலேயே சாதிப் பெயர் உட்கார்ந்திருக்கும். ஜெபிக்கும் குடும்பம் என்ற குறிப்பும் அதே வரியில் இருக்கும். சேகரத் தேர்தலும் டயோசிஸ் தேர்தலும் எந்தக் கணக்கில் நடக்கின்றன என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பேறுபெற்றவர்களின் வாழ்க்கையைத் தேடி நாம் தவத்துக்கும் தியான மையத்துக்கும் போகிறோம். போகட்டும், குறை சொல்லவில்லை. ஆனால் இரக்கம், சாந்தம், மனத்தூய்மை எல்லாம் இந்த மண்ணில் எப்போது சோதிக்கப்பட்டனவோ அப்போதெல்லாம் சோதனை நடந்த இடங்கள் பெஞ்சு, பந்தி, திருவிருந்துக் கிண்ணம், பாடை போகும் பாதை ஆகியவையே. தேவசகாயம் அங்கேதான் தேறினார். தரங்கம்பாடி அங்கேதான் தவறியது.

இந்தப் பத்தியைப் படிக்கிற பங்குப் பேரவை உறுப்பினர்களிடமும் சேகரக் கமிட்டியாரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவுக்கான கூட்டத்தில் மைக் செட், வாணவேடிக்கை, அசன வரவு செலவு எல்லாம் பேசி முடித்த பிறகு, தேரும் பவனியும் போகும் வழியை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். கிறிஸ்தவர்கள் குடியிருந்தும் தேர் வராத தெரு ஒன்று அதில் இருந்தால், ஏன் என்று கேளுங்கள். வழக்கம் என்பார்கள், கம்பி தட்டும் என்பார்கள், பிரச்சினை வரும் என்பார்கள். கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஆணையத்துக்கும் பயன்படும்.